ஷேல் எரிவாயுக் கிணற்று லாக் கணக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவியியலும் பெட்ரோலியப் பொறியியலும் படித்துவிட்டு லாக் கணக்கு வேலைக்கு வரும் இளையவர்களோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிய முகங்கள் வருகின்றன. ஐயங்கள் மட்டும் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள பார்னெட் ஷேலைத்தான் (ஷேல் என்பது சேறு இறுகி மெல்லடுக்குகளாக ஆன பாறை) பெரும்பாலும் உதாரணமாக எடுத்திருக்கிறேன். இந்தத் துறையின் சூத்திரங்களில் பல அங்கேதான் முதலில் சோதிக்கப்பட்டன. கணக்குகளில் வரும் எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை; எந்தத் தனிக் கிணற்றின் தரவும் அல்ல.

லாக் என்றால் என்ன? கிணற்றுக்குள் வாயுவை நேரடியாக அளந்துவிடுகிறார்களா?

இல்லை. முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான். ஆழ்துளைக் கிணற்றுக்குள் கேபிளில் கருவியை இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே பாறையின் இயற்பியல் பண்புகளைப் பதிவு செய்வதுதான் லாக். முதல் மின் லாக் 1927 செப்டம்பர் 5 அன்று பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் பெஷல்புரோனில் எடுக்கப்பட்டது. இன்று காமா கதிர், மின்தடை எண், அடர்த்தி, நியூட்ரான், ஒலி என்று பல அளவுகளை வழக்கமாக அரை அடிக்கு ஒரு முறை, அதாவது 15.24 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் பதிவு செய்கிறோம்.

300 அடி கனமுள்ள ஷேல் என்றால் சுமார் 600 வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை கையில் கிடைக்கும். அதில் 'வாயு' என்று ஒரு பத்தியும் இருக்காது. கரிமப் பொருள், நுண்துளை, நீர், வாயு எல்லாமே நாம் கணக்கிட்டு எடுப்பவை.

ஷேல் வாயுவை வெளியே விடாத மூடிப் பாறை என்றுதானே கல்லூரியில் படித்தோம்?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். வாயு உருவாகும் பாறையும் அதைத் தேக்கும் பாறையும் வேறுவேறு என்பதே பழைய வழக்கு. ஷேல் வாயுவில் இரண்டும் ஒன்றே. மிட்சல் எனர்ஜி நிறுவனம் 1981ல் டெக்சாஸின் வைஸ் மாவட்டத்தில் முதல் பார்னெட் கிணற்றைத் தோண்டியது. தண்ணீரையே பெருமளவில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை 1990களின் பிற்பகுதியில் கைகூடிய பிறகுதான் அது லாபம் தரும் தொழிலாயிற்று.

மணற்கல் வேலையில் ஷேல் பகுதியைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடுவோம். இங்கே அந்த ஒதுக்கப்பட்ட பகுதியே நமக்குப் பொருள். மணற்கல்லுக்காக எழுதப்பட்ட சூத்திரங்களை அப்படியே தூக்கி வந்தால் அவை பொய் சொல்லும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைப் பற்றியவைதான்.

காமா கதிர் உயர்ந்தால் வாயு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

காமா லாக் மூன்று தனிமங்களின் கதிர்வீச்சைக் கூட்டிக் காட்டுகிறது: பொட்டாசியம், தோரியம், யுரேனியம். முதல் இரண்டும் பெரும்பாலும் களிமண் கனிமங்களோடு வருகின்றன. ஆக்சிஜன் குறைந்த கடலடியில் படியும் சேறு கடல்நீரிலிருந்து யுரேனியத்தைப் பிடித்துக்கொள்கிறது; கரிமப் பொருளும் அழியாமல் அங்கேயேதான் தங்குகிறது. அதனால் கடல் ஷேல்களில் 150 ஏ.பி.ஐ.யை (காமா லாக்கின் அலகு) தாண்டும் காமா, கரிமச் செழிப்பின் நல்ல அறிகுறி. ஏரியில் படிந்த ஷேல்களில் யுரேனியம் குறைவாக இருக்கலாம். அங்கே கரிமம் நிறைந்த பாறைகூடச் சாதுவான காமாவைக் காட்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. மொத்தக் காமாவிலிருந்து களிமண் அளவைக் கணக்கிட்டால் யுரேனியமும் களிமண்ணாகக் கணக்கில் சேர்ந்துவிடும். நிறமாலைக் காமா லாக் இருந்தால் யுரேனியத்தைக் கழித்துவிட்டுப் போடுங்கள். எந்தச் சூத்திரம் என்பதும் முக்கியம். காமா குறியீடு (களிமண்ணற்ற பாறைக்கு 0, முழு ஷேலுக்கு 1) 0.5 என்று இருக்கும்போது, லாரியோனோவின் சூத்திரம் இளம் பாறைகளுக்கு 22 சதவீதம் களிமண் என்கிறது; பழைய பாறைகளுக்கு 33 சதவீதம் என்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிணறு முழுக்கக் காமா தூக்கலாக இருப்பதைக் கண்டு இரண்டு நாள் மகிழ்ச்சியோடு கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள்தான் லாக் தாளின் தலைப்பைப் படித்தேன்: துளையிடும் சேற்றில் பொட்டாசியம் குளோரைடு. பாறையோடு சேறும் கதிர் வீசியிருக்கிறது. அன்று முதல் தலைப்பைப் படிக்காமல் வளைகோட்டைப் பார்ப்பதில்லை.

கரிமக் கார்பன் அளவை லாக்கிலிருந்து எப்படி எடுக்கிறீர்கள்?

அதிகம் புழங்குவது பாசி (Passey) என்ற ஆய்வாளரின் குழுவினர் 1990ல் வெளியிட்ட முறை. அதன் அடிப்படை அழகானது. ஒலி லாக்கையும் மின்தடை லாக்கையும் தக்க அளவுகோலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், கரிமமில்லாத ஷேலில் இரண்டும் ஒட்டிப் போகும். அந்த இடமே அடிக்கோடு. கரிமம் வந்ததும் இரண்டும் பிரியும்: பாறையில் தங்கிய திடக் கரிமப் பொருளான கெரோஜன் ஒலியைத் தாமதப்படுத்துகிறது, அதிலிருந்து பிறந்த எண்ணெயும் வாயுவும் நீரை வெளியேற்றி மின்தடை எண்ணை உயர்த்துகின்றன.

பிரிவு = மடக்கை (மின்தடை எண் ÷ அடிக்கோட்டு மின்தடை எண்) + 0.02 × (ஒலி நேரம் − அடிக்கோட்டு ஒலி நேரம்). மடக்கை 10ஐ அடிமானமாகக் கொண்டது. ஒலி நேரம் அடிக்கு மைக்ரோ விநாடியில். அடிக்கோட்டில் 4 ஓம்-மீட்டர், 80 மைக்ரோ விநாடி. நம் ஆழத்தில் 40 ஓம்-மீட்டர், 90 மைக்ரோ விநாடி என்று வைப்போம். பிரிவு 1 + 0.2 = 1.2. இதை 10ன் அடுக்கு (2.297 − 0.1688 × முதிர்ச்சி எண்) என்பதால் பெருக்கினால் எடைச் சதவீதத்தில் கரிமக் கார்பன் கிடைக்கும். முதிர்ச்சி எண் 10.5 என்றால் விடை 4.0 சதவீதம்.

அதே கணக்கில் முதிர்ச்சி எண்ணை 12 என்று போட்டால் விடை 2.2 ஆகிவிடுகிறதே. எதை நம்புவது?

நல்ல கேள்வி. 9 என்று போட்டுப் பாருங்கள், 7.2 வரும். லாக்கில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நாம் கையால் எழுதிய ஓர் எண் விடையை மூன்று மடங்குக்கு மேல் ஆட்டுகிறது. அது அடுக்குக்குள் உட்கார்ந்திருப்பதால் வரும் வினை.

முதிர்ச்சி எண் என்பது பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்பதற்கான அளவு. வழக்கமாக விட்ரினைட் என்னும் கரிமத் துகள் எவ்வளவு ஒளியைப் பிரதிபலிக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்து அதிலிருந்து மாற்றிக்கொள்கிறோம். பாசி முறையின் அளவீடு எண்ணெய் தரும் முதிர்ச்சிப் பாறைகளைச் சுற்றி எழுந்தது. உலர் வாயு தரும் அளவுக்கு வெந்த பாறையில் உண்மையான எண்ணைப் போட்டால் கரிமம் குறைவாக வருகிறது. பலர் எண்ணை 10.5ஐத் தாண்டவிடாமல் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது ஒட்டுப்போட்ட வேலையாகவே தோன்றுகிறது. கோர் மாதிரிகளோடு (கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த பாறை) ஒப்பிட்டுப் பெருக்கெண்ணையே திருத்துவதுதான் முறை. இன்னும் அதிகமாக வெந்த பாறையில் கரிமம் கிராஃபைட் போல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், மின்தடை எண் சரியும், பிரிவே மறைந்துவிடும். சீனாவின் சிச்சுவான் படுகையில் லாங்மாக்ஸி ஷேலின் சில பகுதிகளில் இந்தச் சிக்கல் உண்டு.

இவ்வளவு தொல்லை எதற்கு? அடர்த்தி லாக் ஒன்றை வைத்தே கரிமத்தைக் கணக்கிடலாம் என்கிறார்களே?

கணக்கிடலாம். கனிமங்கள் கன சென்டிமீட்டருக்கு 2.65, 2.71 கிராம் என்று இருக்கும்போது கெரோஜன் 1.1 முதல் 1.4 கிராம்தான், கரிமம் ஏற அடர்த்தி இறங்கும். ஷ்மோக்கரும் ஹெஸ்டரும் 1983ல் அமெரிக்காவின் பாக்கன் ஷேலுக்குத் தந்த சூத்திரம்: கரிமக் கார்பன் = 154.497 ÷ அடர்த்தி − 57.261. அடர்த்தி 2.50 என்றால் 4.5 சதவீதம், 2.55 என்றால் 3.3.

அந்த இரண்டு எண்களும் பாக்கனுக்கு உரியவை. வேறு பாறையில் பைரைட் கூடுதலாக இருந்தால் கணக்குக் கவிழும். பைரைட்டின் அடர்த்தி 5 கிராம். சிறிதளவு இருந்தாலும் கெரோஜனின் இறக்கத்தை மறைத்துவிடும். ஒரு கோர் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: கறுப்புத் தளத்தில் பொன்நிறப் பொடி தூவியதுபோல மின்னும். அடர்த்தி லாக்கைக் குழப்பியது யார் என்று அப்போது கண்ணாலேயே காண்பீர்கள். கிணற்றுச் சுவர் இடிந்த ஆழங்களில் கருவி சேற்றையும் சேர்த்து அளக்கும். கிணற்றுத் துளையின் விட்டத்தை அளக்கும் லாக்கைப் பக்கத்தில் வைத்து அந்த ஆழங்களை நீக்கிய பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

நுண்துளை அளவுக்கு வழக்கமான அடர்த்திச் சூத்திரம் போதாதா?

போதாது. ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது. லாக் அடர்த்தி 2.45, கனிம அடர்த்தி 2.68, துளையில் உள்ள திரவம் 1.0. வழக்கமான சூத்திரப்படி (2.68 − 2.45) ÷ (2.68 − 1.0) = 13.7 சதவீதம்.

இப்போது கெரோஜனைக் கணக்கில் சேர்ப்போம். கரிமக் கார்பன் 4 சதவீதம். கெரோஜனில் கார்பனைத் தவிர ஹைட்ரஜன், ஆக்சிஜன் முதலியனவும் இருப்பதால் 1.2ஆல் பெருக்கினால் 4.8 எடைச் சதவீதம். எடையைக் கன அளவாக்க 2.45ஆல் பெருக்கி 1.3ஆல் வகுத்தால் 9 சதவீதம். எடையில் ஐந்துக்கும் குறைவாக இருந்தது பருமனில் ஒன்பதாகிறது! இந்த ஒன்பதில் பெரும்பகுதியை மேலே உள்ள சூத்திரம் துளை என்று எண்ணியிருந்தது. திருத்திய விடை 6.3 சதவீதம். பாதிக்கும் குறைவு.

ஆர்ச்சி சமன்பாடு ஷேலில் செல்லுமா?

மின்தடை எண்ணிலிருந்து துளையில் நீரின் பங்கைக் கணக்கிடும் சமன்பாடு அது. ஆர்ச்சி 1942ல் எழுதியது களிமண் இல்லாத மணற்கல்லுக்கு. அதில் மின்சாரத்தைக் கடத்துவது துளையிலுள்ள உப்புநீர் மட்டுமே. ஷேலில் களிமண்ணின் பரப்பும் கடத்துகிறது, பைரைட்டும் கடத்துகிறது. அப்படியே போட்டால் நீர் அதிகமாகவும் வாயு குறைவாகவும் வரும். களிமண்ணுக்கு இடம் தரும் சமன்பாடுகள் உண்டு: சிமாண்டூ, வாக்ஸ்மன்-ஸ்மிட்ஸ், இரட்டை நீர் மாதிரி. ஆனால் நீரின் மின்தடை எண் எல்லாவற்றுக்கும் வேண்டும். ஷேலிலிருந்து நீர் மாதிரி எடுப்பதோ எளிதல்ல. கோரிலிருந்து அளந்த நீர் அளவோடு பொருந்தும்படி மாறிலிகளைத் திருத்துவதே நடைமுறை.

இங்கே ஒரு சுழலும் இருக்கிறது. முந்தைய பதிலில் திரவ அடர்த்தியை 1.0 என்று வைத்தோம். துளையில் பெரும்பகுதி வாயு என்றால் அது குறையும். நுண்துளை அளவும் குறையும். அது நீர் அளவை மாற்றும். நீர் அளவு திரும்பவும் திரவ அடர்த்தியை மாற்றும். நான்கைந்து சுற்று திரும்பத் திரும்பக் கணக்கிட்டால் எண்கள் பொதுவாக நிலைத்துவிடும். நிலைக்காவிட்டால் உள்ளே போட்ட ஏதோ ஓர் எண் தவறு என்று அர்த்தம்.

கடைசியில் ஒரு டன் பாறையில் எவ்வளவு வாயு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இரண்டு பங்கு. ஒன்று, துளைகளில் தடையின்றி இருக்கும் வாயு. மற்றொன்று, கெரோஜனின் பரப்பில் ஒட்டியிருக்கும் வாயு. ஒட்டிய வாயுவுக்கு லாங்மியூர் சமன்பாடு: உச்ச அளவு × அழுத்தம் ÷ (அழுத்தம் + அரை அழுத்தம்). பாதி இடம் நிரம்பும் அழுத்தமே அரை அழுத்தம். உச்சம் டன்னுக்கு 90 கன அடி, அரை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 650 பவுண்டு, பாறை அழுத்தம் 3,800 என்றால் 77 கன அடி. தடையற்ற வாயு: 32.0368 × துளை அளவு × வாயுப் பங்கு ÷ (அடர்த்தி × வாயுக் கன அளவுக் காரணி). 32.0368 என்பது 2,000 பவுண்டு டன்னைக் கன அடியாக்கும் மாற்றெண், வேறொன்றுமில்லை. கன அளவுக் காரணி என்பது வாயு நிலத்தடியில் பிடிக்கும் இடத்துக்கும் மேலே பிடிக்கும் இடத்துக்கும் உள்ள விகிதம். துளை 6.3 சதவீதம், வாயுப் பங்கு 0.7, காரணி 0.0046 என்றால் 125 கன அடி. மொத்தம் 202.

கெரோஜனைக் கழிக்காத 13.7ஐ இங்கே போட்டிருந்தால் தடையற்ற வாயு 273, மொத்தம் 350. நிலத்தடியில் இல்லாத வாயுவுக்குக் கிணறு தோண்டத் திட்டமிடுவார்கள். ஒட்டிய வாயுவுக்கும் பருமன் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அது துளையின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும்போது, அதே இடத்தைத் தடையற்ற வாயுவுக்கும் கொடுத்தால் இருமுறை எண்ணியதாகும். ஆம்புரோஸ் குழுவினர் 2010ல் இதற்கான திருத்தத்தைத் தந்தார்கள்.

மூன்று நான்கு லாக்கை வைத்துக்கொண்டு ஐந்தாறு கனிமங்களைப் பிரிப்பது கணிதப்படி முடியுமா?

ஒவ்வொரு லாக்கும் ஒரு நேரியல் சமன்பாடு: ஒவ்வொரு கூறின் கன அளவையும் அந்தக் கூறுக்கே உரிய மதிப்பால் பெருக்கிக் கூட்டினால் லாக் மதிப்பு. எல்லாக் கன அளவுகளும் சேர்ந்து 1 என்பது இன்னொரு சமன்பாடு. தெரியாதவை சமன்பாடுகளைவிட மிகுந்தால் விடை ஒன்றாக இராது. எந்தக் கன அளவும் பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது என்று கட்டி, மீச்சிறு வர்க்க முறையில் தீர்க்கிறோம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஆபத்து தீர்வதில்லை. கெரோஜனும் துளைத் திரவமும் அடர்த்தியைக் குறைக்கின்றன, நியூட்ரானைக் கூட்டுகின்றன, ஒலியைத் தாமதப்படுத்துகின்றன. சமன்பாடுகளின் அணியில் அவற்றின் நிரல்கள் கிட்டத்தட்ட இணையாக நிற்கின்றன. லாக்கில் சிறு இரைச்சல் இருந்தாலே கெரோஜனும் துளையும் இடம் மாறிக்கொள்ளும். விடையிலிருந்து லாக்கைத் திரும்ப வரைந்து, 'அப்படியே பொருந்துகிறது' என்று காட்டுவார்கள். பொருந்தும்தான், தவறான விடையும் அதே அளவு பொருந்தும். கோரின் எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வை, கரிம அளவீட்டைக் கேளுங்கள்.

எந்த இடத்தில் பாறை எளிதில் பிளக்கும் என்று லாக் சொல்லுமா?

ஒலி, அடர்த்தி லாக்குகளிலிருந்து யங் குணகமும் (பாறையின் விறைப்பு) பாய்சான் விகிதமும் (அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும் அளவு) கிடைக்கும். ரிக்மன் குழுவினர் 2008ல் தந்த நொறுங்குதன்மைக் குறியீட்டில், யங் குணகத்தை 1 முதல் 8 வரையும் (சதுர அங்குலத்துக்குப் பத்து லட்சம் பவுண்டு அலகில்), பாய்சான் விகிதத்தை 0.40 முதல் 0.15 வரையும் நீட்டி, இரண்டின் சராசரியை எடுக்கிறோம். 4.5, 0.20 கொண்ட ஷேலுக்கு 65 மதிப்பெண்.

இப்போது 8, 0.30 கொண்ட சுண்ணாம்புக் கல்லுக்குப் போடுங்கள்: 70. ஷேலைவிட நல்ல பாறை என்று குறியீடு சொல்கிறது. ஆனால் பார்னெட்டின் முக்கியப் பகுதியில் ஷேலுக்கு அடியிலுள்ள வயோலா சுண்ணாம்புக் கல் பிளவுகளைத் தடுத்து நிறுத்தும் அரண். அதற்கும் கீழே எல்லன்பர்கர் அடுக்கில் நீர். வயோலா இல்லாத இடத்தில் பிளவு கீழே இறங்கினால் வாயுவுக்குப் பதில் நீர்தான் வரும். குறியீடு ஒரு விகிதக் கணக்கு மட்டுமே. எந்தப் பாறைக்கு மதிப்பெண் போடுகிறோம் என்பதைக் கனிமக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வேவ்லெட், ஃபிராக்டல் என்றெல்லாம் கட்டுரைகளில் வருகிறதே. பயன் உண்டா?

அடுக்கு எல்லைகளைக் கண்டுபிடிப்பதில் வேவ்லெட்டுக்கு, அதாவது வளைகோட்டின் மாற்றங்களைப் பல அளவுகளில் தேடும் முறைக்கு, உண்மையான பயன் உண்டு. சிறிய அளவிலிருந்து பெரிய அளவு வரை எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில் நிற்கும் மாற்றமே உண்மையான எல்லை. ஓர் அளவில் மட்டும் தோன்றி மறைவது இரைச்சலாக இருக்கலாம். மேல் பார்னெட்டையும் கீழ் பார்னெட்டையும் பிரிக்கும் ஃபாரஸ்ட்பர்க் சுண்ணாம்புக் கல் போன்ற அடுக்குகள் இதில் பளிச்சென்று எழும்.

வளைகோட்டின் கரடுமுரடை எண்ணாக்கும் ஃபிராக்டல் அடுக்கெண் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கருவி ஏறத்தாழ ஒன்றிரண்டு அடியைச் சராசரி செய்தே பதிகிறது. அதற்குக் கீழே தெரியும் வழவழப்பு கருவியுடையது, பாறையுடையது அல்ல. ஷேலின் அடுக்குகளோ மில்லிமீட்டர் கனத்தில் இருக்கின்றன. கருவியின் நீளத்துக்குக் கீழே உள்ள அளவுகளை வெட்டிவிட்டுத்தான் அடுக்கெண்ணைப் பொருத்த வேண்டும்.

இயந்திரக் கற்றலில் கரிம அளவை 95 சதவீதம் சரியாகக் கணித்திருக்கிறேன். இது போதுமா?

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தீர்கள் என்பதே என் முதல் கேள்வி. அரை அடி வரிசைகளைக் குலுக்கிப் பிரித்திருந்தால் அந்த 95க்கு மதிப்பில்லை. மேலே சொன்னபடி கருவி பக்கத்து வரிசைகளைச் சேர்த்தே அளக்கிறது. 7,000 அடியில் உள்ள வரிசை பயிற்சியிலும் 7,000.5 அடியில் உள்ளது சோதனையிலும் இருந்தால், விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதியதாகும்.

ஒரு கிணற்றை முழுதாக ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். மதிப்பெண் குறையும், குறைந்த அந்த எண்தான் உண்மை. கோர் ஆழமும் லாக் ஆழமும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். கேபிள் நீளும், இரண்டு மூன்று அடி விலகல் சாதாரணம். அதைச் சரிசெய்யாமல் கற்றுக்கொடுத்தால் இயந்திரம் வேறொரு பாறையின் கரிமத்தைக் கற்றுக்கொள்ளும்.

இதே சூத்திரங்களைக் காவிரிப் படுகைக்குப் போட முடியுமா?

சூத்திரங்களின் வடிவம் எங்கும் பொருந்தும். உள்ளே இருக்கும் எண்கள் பொருந்தா. பார்னெட் கார்போனிஃபெரஸ் காலக் கடல் ஷேல். காவிரிப் படுகையின் ஆண்டிமடம் படிவம் கிரெடேசியஸ் காலத்தது. அடிக்கோடு, முதிர்ச்சி எண், கனிம அடர்த்தி எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும். 2020ன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டப்படி அந்த மண்டலத்துக்குள் ஷேல் வாயு ஆய்வும் எடுப்பும் புதிதாகத் தொடங்க முடியாது. இந்தியாவில் ஷேல் வாயுவுக்கான முதல் ஆய்வுக் கிணற்றில் 2011ல் வாயு வெளிப்பட்டது தாமோதர் படுகையில், மேற்கு வங்கத்தின் துர்காபூர் அருகே.

என் விடையில் எவ்வளவு பிழை இருக்கும் என்று மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வது?

ஒற்றை எண்ணைக் கொடுக்காதீர்கள், வீச்சைக் கொடுங்கள். நுண்துளைக் கணக்குக்கே திரும்புவோம். கெரோஜனின் அடர்த்தியை 1.3 என்று வைத்து 6.3 சதவீதம் எடுத்தோம். 1.2 என்று வைத்தால் 5.1, 1.4 என்று வைத்தால் 7.3. கனிம அடர்த்தியை 2.68க்குப் பதில் 2.70 என்று மாற்றினாலும் 7.3தான். ஒவ்வோர் எண்ணுக்கும் நியாயமான வீச்சைக் கொடுத்து, சில ஆயிரம் முறை தற்செயலாக எடுத்துக் கணக்கிட்டு, விடைகளின் பரவலைப் படமாக வரையுங்கள். மான்டி கார்லோ முறை என்பது இதுதான். கணினிக்குச் சில விநாடி வேலை.

பிறகு எந்த எண் பரவலை அதிகம் விரிக்கிறது என்று பார்த்து, மேலதிகாரியிடம் அதையே கேளுங்கள். நம் உதாரணத்தில் அது கெரோஜனின் அடர்த்தி. லாக்கில் அது வராது. கோரிலிருந்து கெரோஜனைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் அளக்க வேண்டும். அடுத்த கிணற்றில் எந்த ஆழத்தில் கோர் வெட்ட வேண்டும் என்பதையும் அந்தக் கோரிக்கையோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.